லவகேய் வீட்டுப் பங்கு

எங்கள் லமகன் மலையூர்க் கோயில் வாசலில் ஒரு பளிங்குக் கல் பதித்திருக்கிறது. இந்த எபிஸ்கோபல் சபையை நிறுவியவர் என்று விட்லாக் பாதிரியார் பெயர் அதில் இருக்கிறது. மனுஷன் நல்லவர்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனாலும் அந்தக் கல்லைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். லவகேய் பெயர் எங்கே? சபைக் கூட்டத்தில் நான் இதைக் கேட்டால் "ஆரம்பிச்சிட்டாங்கப்பா" என்று ஆளாளுக்குக் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். இங்கே என் வாயை மூட யாரும் இல்லை.

லவகேய்க்குப் பிறந்த இரண்டு பிள்ளைகளும் அம்மையில் போய்விட்டன. புருஷன் பொசாயிங், யாருக்கோ வீடு கட்டப் பைன் மரம் வெட்டப் போய், மரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே செத்துப்போய்ப் படுத்தவன். படுத்துப் படுத்து முதுகெல்லாம் புண். அந்த நாற்றத்துக்குப் பயந்து சொந்த அண்ணன் தக்வாசனே வீட்டுக்குள் வர மாட்டான், வாசலோடு நின்று பேசிவிட்டுப் போவான். அந்தச் சமயத்தில்தான் விட்லாக் ஊருக்கு வந்தார். கோயிலுக்கென்று பலகையால் ஒரு கொட்டகை போட்டார். கூரைக்குப் புல். அவர் உயரத்தைப் பார்த்து ஊரே அவருக்கு நெட்டையன் என்று பெயர் வைத்தது. அந்த நெட்டையன் ஒருநாள் குனிந்து குனிந்து லவகேய் வீட்டுக்குள் நுழைந்து, பொசாயிங் புண்ணைத் தன் கையாலேயே கழுவிக் கட்டுப் போட்டார். வாரம் தவறாமல் வந்து கழுவினார்.

"கூடப் பிறந்தவன் தொடாததை இவன் தொட்டான். இவன் சாமி யாருன்னு பாத்துடறேன்" என்று லவகேய் போய் ஞானஸ்நானம் வாங்கிவிட்டாள். ஊரில் முதல் ஆள் அவள்தான். இரண்டாவது என் அம்மா தொங்காய். அம்மா போனது பல்வலி மருந்துக்கு, அது வேறு கதை.

இங்கேதான் வினை ஆரம்பித்தது. எங்கள் ஊரில் கல்யாணமோ, சாவோ, புது வீடோ, எதுவென்றாலும் பன்றி அறுப்பார்கள். கறியைச் சமமாக வெட்டி, மூங்கில் நாரில் கோத்து, வீட்டுக்கு ஒரு பங்கு. பங்கு வாங்கினவர்கள் அங்கே நின்று தின்ன மாட்டார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் எல்லாருமாகத்தான் சாப்பிட வேண்டும். பங்கு வராத வீடு ஊர்க் கணக்கில் வீடே இல்லை. கறி வெட்டிக் கொடுக்கிற பெரியவர் யார்? அதே தக்வாசன்.

"வெள்ளைக்காரன் தண்ணி தலையில பட்ட வீட்டுக்கு இனிமே பங்கு கிடையாது" என்று பெரியவர்கள் கூடுகிற கல்முற்றத்தில் அவன் சொல்லிவிட்டான். தண்ணீர் வாங்கியது லவகேய். பங்கு போனது பொசாயிங்குக்கும் சேர்த்து.

விருந்து நாட்களில் சேகண்டிச் சத்தம் கேட்டதும் பொசாயிங் தலையைத் தூக்குவான்.

"எங்கடி நம்ம பங்கு?"

"வரும், வரும். உங்கண்ணன் கத்தி தீட்டிட்டு இருக்காரு."

"பொய் சொல்லாதே. நான் செத்தா என்னை எவன்டி தூக்குவான்?"

எங்கள் ஊரில் பிணத்தைத் தூக்க நான் முந்தி நீ முந்தி என்று அடித்துக்கொள்வார்கள். தோள் கொடுத்தால் அதிர்ஷ்டம். ஆனால் பங்கு இல்லாத வீட்டுப் பிணத்துக்கு யார் வருவார்கள்? லவகேய்க்கு அந்தக் கேள்வி நெஞ்சில் கல்லாக உட்கார்ந்துவிட்டது. திரும்பிப் போய்ப் பெரியவர்கள் காலில் விழுந்துவிடலாமா என்று அம்மாவிடம் அழுதிருக்கிறாள்.

அதற்குள் பேராயர் மலையேறி வந்து ஏழு பேருக்குத் தலையில் கை வைத்துத் திடப்படுத்தல் கொடுத்தார். அடுத்த ஞாயிறு அவர்களுக்கு முதல் திருவிருந்து. வட்டமாக, மெல்லிசாக ஆளுக்கொரு அப்பம் உள்ளங்கையில் வைத்தார் விட்லாக். ஏழு பேரும் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒருத்தர் வாய் அசையவில்லை. மடியிலிருந்து வாழையிலைத் துண்டை எடுத்து, பதமாக மடித்து, முடிந்துகொண்டு எழுந்துவிட்டார்கள்! பங்கு என்றால் வீட்டுக்குத்தானே?

விட்லாக் முகம் வெளுத்துப்போயிற்று. சமவெளியிலிருந்து மொழிபெயர்க்க வந்த இலோக்கானோக்காரர் மரியானோ கையை உதறிக்கொண்டு ஓடிவந்தார்.

"அம்மா, அம்மா! இங்கயே சாப்பிடணும்! அது ஆண்டவரோட உடம்பு!"

"அதனாலதான் வீட்டுக்குக் கொண்டு போறேன்" என்றாள் லவகேய். "வாங்கின எடத்துலயே முழுங்க நான் என்ன நாயா? வீட்ல ஒருத்தர் படுத்துக் கிடக்காரு."

"அவர் ஞானஸ்நானம் வாங்கலையே! அவருக்குக் கொடுக்கக் கூடாது!"

"பங்கு வீட்டுக்கா, ஆளுக்காய்யா? உங்க சாமியும் பங்கு வெட்டற எங்க மச்சான் மாதிரியே கணக்குப் பாக்கறாரே!"

சொல்லிவிட்டு விறுவிறு என்று படியேறிப் போய்விட்டாள். மற்ற ஆறு பேரும் மரியானோ போட்ட கூச்சலில் பயந்து அங்கேயே தின்றுவிட்டார்கள். என் அம்மா உட்பட. அந்த விஷயத்தில் அம்மா மேல் எனக்கு இன்னும் கொஞ்சம் வருத்தம்தான்.

விட்லாக் அப்பத்தை மீட்கப் பின்னாலேயே ஓடினார், கூடவே மரியானோவும். மேட்டுப் பாதை, மூச்சு வாங்குகிறது. வீட்டுக்குள் குனிந்து நுழைந்தால் பொசாயிங் பாதி அப்பத்தை மென்றுகொண்டிருக்கிறான். மீதிப் பாதியை இலையில் வைத்து லவகேய் பக்கம் தள்ளுகிறான்.

"இது உனக்கு. ருசியே இல்லடி. ஆனா பங்குதானே, தின்னு" என்றவன் விட்லாக்கைப் பார்த்துச் சிரித்தான். "ரொம்ப நாளாச்சு சாமி, எனக்குப் பங்கு வந்து."

மரியானோ அதை இங்கிலீஷில் சொன்னார். விட்லாக் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு, தண்ணீர் வாங்கிக்கொள்ள விருப்பமா என்று கேட்டார்.

"வாங்கினா வாராவாரம் பங்கு வருமா?"

"வரும்."

"நான் நடந்து வர முடியாதே."

"நானே கொண்டு வருகிறேன்" என்றார் விட்லாக்.

கொண்டும் வந்தார், மழையோ புயலோ பார்க்காமல். நெட்டையன் மேட்டில் ஏறுவதைக் கல்முற்றத்தில் உட்கார்ந்து ஊர் பார்த்தது. "அந்தாளு சாமி வீட்டுக்கே பங்கு அனுப்புதுய்யா" என்று பேச்சு கிளம்பியது. நோயாளி கிடக்கிற வீடு, கிழடுகள் கிடக்கிற வீடு, ஒவ்வொன்றிலிருந்தும் கொட்டகைக்கு ஆள் வர ஆரம்பித்தது. மறு வருஷம் இடம் போதாமல் பக்கச் சுவரைப் பிரித்தார்கள். எங்கள் சபை வளர்ந்தது இப்படித்தான். பிரசங்கத்தால் வளர்ந்தது என்று நினைக்கிறவர்கள் விட்லாக்கின் பிரசங்கத்தைக் கேட்டதில்லை.

அந்த வருஷம் நெல் அறுப்பு முடிந்த பிறகு பொசாயிங் இறந்துபோனான். லவகேய் அழவே இல்லையாம், வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். சபையார் வந்தார்கள். ஊரார் வரவில்லை. விட்லாக்கும் மரியானோவும் பிணத்தைத் தூக்கி நாலு எட்டு வைத்ததும் சறுக்கி, விழப் பார்த்தார்கள்.

"யோவ் நெட்டை! மனுசனைத் தூக்கறியா, விறகு தூக்கறியா?" என்று ஒரு சத்தம். தக்வாசன்தான்! ஓடிவந்து தோள் கொடுத்தான். "எங்க அம்மா பெத்ததுய்யா இது! விடுய்யா!" என்று கத்துகிறான், கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர். அவன் தொட்ட பிறகு ஊர் சும்மா இருக்குமா? திபுதிபுவென்று ஆள் விழுந்து, கடைசியில் விட்லாக்குக்குத் தோள் கொடுக்க இடமே கிடைக்கவில்லை.

அடக்கம் முடிந்ததும் தக்வாசன் தன் பன்றியை இழுத்து வந்தான். ஆவிகளுக்குப் படையல் கூடாதே என்று விட்லாக் தயங்கினார்.

"ஆவிக்கு இல்லய்யா. ஊருக்கு. உனக்கென்ன வந்தது?" என்றான் தக்வாசன். விட்லாக் ஒதுங்கிக்கொண்டார்.

வீட்டு வீடாகப் பெயர் சொல்லிப் பங்கு கொடுத்தான். கடைசியாக, "பொசாயிங் வீடு" என்றான்.

லவகேய் வந்து வாங்கினாள். மூங்கில் நாரைப் பிடித்தபடி நின்றவள், நகரவே இல்லை.

"ஏன் நிக்கிற? வீட்டுக்குக் கொண்டு போ."

"வீட்ல யாரு இருக்கா மச்சான்?" என்றாள். அப்போதுதான் உடைந்து அழுதாள்.

தக்வாசன் கத்தியைக் கீழே வைத்தான். கையைத் துடைத்துக்கொண்டான்.

"நீ போய் அடுப்பைப் பத்த வை. நான் உள்ளாற வந்து சாப்பிடறேன்" என்றான்.