சந்தனம் காயாத போர்டு

போன வாரம் ஆபீசில் பக்கத்து சீட்டு ரம்யா புது மைக்ரோகன்ட்ரோலர் போர்டு ஒன்றைப் பிரித்து, யுஎஸ்பி வயரைச் செருகினாள். டீ ஆறுவதற்குள் விளக்கு மின்னிவிட்டது. "அவ்ளோதானா?" என்றேன். "அவ்ளோதான்" என்றாள். எனக்கு வயிற்றெரிச்சல், வேறென்ன.

என் முதல் போர்டை ஓட வைக்க ஒன்பது நாள் ஆனது. சிரிக்காதீர்கள். அது இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. விருத்தாசலத்தில் ஃபியூஸ் கட்டை செய்யும் செராமிக் கம்பெனி ஒன்றின் முதலாளியிடம், சூளையின் சூட்டைத் திரையில் காட்டும் பெட்டி செய்து தருகிறேன் என்று வாயை விட்டிருந்தேன்.

"வெள்ளிக்கெழம மூணு மணிக்கு வரேம்மா. ஓடுச்சின்னா இங்கயே வேலை. ஓடலன்னா அத்தோட வுட்டுடு" என்றார் அவர்.

ஓடாவிட்டால் திங்கட்கிழமை சென்னைக்கு ரயில். மாமா அங்கே கால் சென்டரில் சொல்லி வைத்திருந்தார். சொந்த ஊரையும் அம்மா சோற்றையும் விட்டுவிட்டு, முகம் தெரியாதவர்களுக்கு நாள் முழுக்க ஹலோ சொல்வதா? நினைத்தாலே அழுகை வரும்.

கம்பெனியிலேயே ஒரு மூலையில் உட்கார்ந்து வேலை பார்த்ததால், இப்போதும் ஈரக் களிமண் வாசனை வந்தால் எனக்கு சீரியல் கேபிள்தான் ஞாபகம் வருகிறது. போர்டையும் கம்ப்யூட்டரையும் இணைக்க அந்தக் காலத்தில் அதுதான். போர்டில் முதலில் ரியல் டைம் ஓஎஸ் ஏற்ற வேண்டும். அது ஒரு மேஸ்திரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சூட்டைப் படி, திரையில் எழுது, விளக்கை மின்ன வை என்று ஒரே சிப்பிடம் மூன்று வேலையையும் நேரம் தவறாமல் வாங்கும். ஏற்றும்போது ஒரு குட்டிச் செருகியை ஒரு பக்கம் போட வேண்டும், ஓட்டும்போது மறுபக்கம். மாற்ற மறந்துவிட்டு முழுசாக இரண்டு நாள் சிப்பைத் திட்டிக்கொண்டிருந்த மகா புத்திசாலி நான்தான். ஒருவழியாக வியாழக்கிழமை மாலை மூன்று வேலையும் ஓடின.

வெள்ளிக்கிழமை வந்தாள் அஞ்சலை. ஃபியூஸ் கட்டைகளுக்குப் பளபளப்புக்கான கிளேஸ் பூசுகிறவள், என் வயதுதான். கம்பெனிக்குள் எந்த மெஷின் புதிதாக வந்தாலும் சந்தனம் குங்குமம் வைப்பது அவள் பொறுப்பு. என் போர்டுக்கு மட்டும் விலக்கு உண்டா? இருப்பதிலேயே பளபளப்பாக ஒரு குட்டி உலோக டப்பி அவள் கண்ணில் பட்டது. அதற்குத் தாராளமாக ஒரு பொட்டு. சிப்புக்குத் தாளம் போட்டுக் கொடுக்கும் கிரிஸ்டல் அது.

கரண்ட் கொடுத்தேன். பேச்சு மூச்சில்லை.

கேபிளை மாற்றினேன். குட்டிச் செருகியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போட்டேன். ஓஎஸ்ஸைத் திரும்ப ஏற்றப் பார்த்தால், போர்டு பதில் சொல்லவில்லை என்றது கம்ப்யூட்டர். எல்லாவற்றின் மேலும் சந்தேகம் வந்தது, பொட்டின் மேல் மட்டும் வரவில்லை. சாமி காரியமாயிற்றே! விரல் அதைத் தொடாமல் சுற்றிச் சுற்றி வந்தது. மணி இரண்டரை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

அஞ்சலைதான் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "கோச்சிக்காதீங்க மேடம். பொட்டு இன்னும் காயல. ஈரத்தோட ஏத்துனா சூளையில சாமானே வெடிச்சுடும். ஒங்க இதுக்கு மட்டும் ஈரம் ஆவுமா?"

அட மண்டூகமே என்று என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். சந்தனம் வழிந்து டப்பியின் கால்களுக்கு நடுவே நின்றிருந்தது; அந்த ஈரத்தில் தாளம் நின்றுபோய் சிப் எழவே இல்லை. அஞ்சலை கன்னத்தில் போட்டுக்கொண்டு, புது பிரஷ்ஷால் தின்னர் தொட்டுத் தொட்டுத் துடைத்தாள். சூளைச் சுவரோரத்து வெதுவெதுப்பில் போர்டைக் காய வைத்தோம்.

மூன்றுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது விளக்கு மின்னியது. திரையில் சூளையின் சூடு ஒவ்வொரு எண்ணாக ஏறியது. நான் குதித்த குதியில் செருப்பு எங்கேயோ போனது. வேலையாட்கள் ஓடி வந்து, எதற்கென்றே தெரியாமல் கை தட்டினார்கள். முதலாளி தன் பழைய மீட்டரையும் என் திரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "திங்கக்கெழம வந்துடும்மா" என்றார்.

ஆறு வருஷம் வீட்டுச் சோறு சாப்பிட்டு சைக்கிளில் வேலைக்குப் போனேன். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்குப் பிறகு இருந்ததில்லை. பிறகு முதலாளி இடத்தை விற்றார், நானும் சென்னைக்கே வந்து சேர்ந்தேன்.

கம்பெனி இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். போன தை மாதம் அஞ்சலை மகள் கல்யாணம் அதில்தான். சூளை எங்கே இருந்தது, வாசல் எந்தப் பக்கம், ஒன்றும் பிடிபடாமல் பந்தியில் உட்கார்ந்து விழித்துக்கொண்டிருந்தேன். அஞ்சலை சாம்பார் வாளியோடு வந்து என் இலையைப் பார்த்தாள்.

"என்னா மேடம், தேடுறீங்களா? இங்கதான் நீங்க குதிச்சீங்க. சாப்புடுங்க" என்றாள்.