எஸ்தர் அக்கா வாயால் சொல்லாத சொல்

அன்று காலை சூலக்கரை அலுவலகத்தில், ஃபைலுக்குள் கைபேசியை ஒளித்து வைத்துக்கொண்டு வாசகர் கருத்துகளைப் படித்துக்கொண்டிருந்தேன். குறளிப் பேய்களை ஆராயப் போகும் பேராசிரியை ஒருத்தியைப் பற்றிய என் மாயக்கதையின் இரண்டாம் பாகம் வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. 'முதல் பாகத்தில் இருந்த பயம் இதில் இல்லை' என்று ஒருவர். 'பேராசிரியை காதலிக்கட்டும், அதற்குமா அடிக்குறிப்பு?' என்று இன்னொருவர். எரிச்சலின் உச்சியில் இருந்தபோது சிவகாசியிலிருந்து அச்சகத்து முருகேசன் அழைத்தார். "சார், எஸ்தர் அக்கா போயிட்டாக." "எங்க?" என்று கேட்டேன். அப்படித்தான் கேட்டேன், மடையன். "நெஞ்சு வலின்னாக சார். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் பேசிக்கிட்டேதான் வந்தாக" என்றார்.

விருதுநகரில் மாதம் ஒருமுறை கூடும் நம் வாசகர் வட்டத்தில், கடைசி வரிசையில் காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருப்பாரே, அவர்தான். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தவர். பட்டாசு லேபிள், தினசரி காலண்டர், கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றுக்கும் கடைசிக் கண் அவருடையது. என் முதல் பாகமும் அவரிடம்தான் போனது. முதல் நாளே போன் செய்தார். "ஏன் சார், குறளிக்கு இந்தப் பெரிய ற தான? தப்பாப் போட்டு அவுக கோவிச்சுக்கிட்டா யாரு பதில் சொல்றது?" அவர் சிரிக்காமல்தான் கேட்டார். சிரித்தது நான்.

ஒரு தீபாவளி சீசனில் நடந்ததை முருகேசன் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். லேபிளில் 'லட்சுமி வெடி' என்பதில் எழுத்து உடைந்திருந்தது. அக்கா போனில் திருத்தம் சொன்னார், 'வெடி' என்று சொல்லாமல் 'லட்சுமி சத்தம்' என்று. அந்தப் பக்கம் இருந்தவர் காதில் விழுந்ததை அப்படியே அடித்து பிளேட்டும் போட்டுவிட்டார். ஒரு லோடு லேபிள் 'லட்சுமி சத்தம்' என்றே வந்து இறங்கியது! முதலாளி தையத்தக்கா என்று குதித்தபோதும் அக்கா அசையவில்லை. "அந்தச் சொல்லை என் வாயால சொல்ல மாட்டேன் அண்ணாச்சி. கையால எம்புட்டு வேணாலும் திருத்துறேன்" என்றாராம். அன்றிலிருந்து அவருடைய திருத்தமெல்லாம் தாளில் மட்டும்தான்.

முருகேசன் சிரித்த கதையின் காரணத்தை அக்காவே ஒருநாள் என்னிடம் சொன்னார். அவர் கணவர் வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் வேலை பார்த்தவர். ஒருநாள் மத்தியானம் அங்கே சத்தம். அக்காவும் மகள் ஜெனிபாவும் மட்டும் மிஞ்சினார்கள். "பேரைச் சொன்னா கூப்பிட்ட மாதிரி ஆயிரும் சார். இருட்டுல பாம்பை யாராச்சும் பாம்புன்னு சொல்றாகளா? பூச்சிங்காக. அது மாதிரிதான் இதுவும்" என்றார். என் கதையில் மலையடிவாரத்து மக்கள் குறளியைப் பேர் சொல்லாமல் 'அவுக' என்று மட்டும் சொல்வது அங்கிருந்துதான் வந்தது. நீங்கள் எல்லாரும் தூக்கிக் கொண்டாடிய இடம் அது. அக்காவின் துக்கத்தை எடுத்து என் கதையில் வைத்துக்கொண்டேன், நன்றியுரையில் அவர் பெயரைக்கூடப் போடவில்லை.

இரண்டாம் பாகம் வெளியூரில் அச்சானதால் அதை அவர் வாசகராகத்தான் படித்தார். அதன் கடைசி அத்தியாயத்தில் பேராசிரியை ஒரு குறளியின் பெயரைக் கண்டுபிடித்து அதன் முகத்துக்கு நேரே சொல்கிறாள். குறளி அடங்கி உட்கார்ந்துவிடுகிறது. எழுதிய அன்று எனக்கு ஒரே பெருமை. அக்கா வாட்ஸ்அப் குழுவில் கேட்டார்: "பேரைச் சொன்னா அடங்கிருமா சார்? அப்ப நாங்கல்லாம் இத்தன வருசம் சொல்லாம இருந்தது எதுக்கு?" சுருக்கென்றது எனக்கு. எல்லாரும் பார்க்க எழுதினேன்: "அச்சுப் பிழை பார்ப்பதுதான் உங்கள் வேலை. கதைப் பிழை பார்ப்பது அல்ல." உங்களில் சிலர் அதற்குச் சிரிப்புப் பொம்மை போட்டீர்கள். அக்கா "சரி சார்" என்று மட்டும் எழுதினார். அதன்பிறகு ஒரு வார்த்தை இல்லை. நான் போன் செய்திருக்கலாம். பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாத ஊர். அடுத்த கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன், பாவி.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பியதும் ஜெனிபா, அக்கா படித்த அந்த இரண்டாம் பாகத்தை என் கையில் கொடுத்தாள். கடைசி அத்தியாயத்தில் குறளியின் பெயர் வரும் இடங்களையெல்லாம் அக்கா பென்சிலால் அடித்திருந்தார். கடைசிப் பக்கத்தில் மட்டும், அடித்த பெயரின் கீழே வரிசையாகப் புள்ளி வைத்து, ஓரத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதியிருந்தார். அடித்தது தவறு, முன்பு இருந்தபடியே விட்டுவிடுங்கள் என்பதற்கு மெய்ப்புப் பார்ப்பவர்கள் போடும் குறி அது. "இது எப்பம்மா எழுதுனாக? குழுவுல நான் அப்படிப் பேசுனதுக்கு முன்னாலயா, பின்னாலயா?" என்று கெஞ்சினேன். "தெரியலையே சார். அம்மா ஒண்ணுமே சொல்லலையே" என்று அழுதாள்.

முன்னால் என்றால் அந்த 'இருக்கட்டும்' என் கதைக்கு. பின்னால் என்றால் என்னை மன்னித்து எனக்குச் சொன்னது. இனி நான் யாரைக் கேட்பேன், சொல்லுங்கள்? ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அந்தப் பக்கத்தைத் திறக்கிறேன். பென்சில் எழுத்து அழிந்துவிடுமோ என்று தொடவும் பயமாக இருக்கிறது. அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த 'இருக்கட்டும்' ஒன்றுதான்.

இதை எழுதிவிட்டு ஒருமுறை திரும்பப் படித்தேன். நெஞ்சு வலி வரைக்கும் எழுதியிருக்கிறேன், கல்லறைத் தோட்டத்தையும் எழுதியிருக்கிறேன். நடுவில் நடந்ததற்கு என்று உள்ள சொல்லை ஓரிடத்திலும் எழுதவில்லை. முருகேசன் வாயில் 'போயிட்டாக' என்று போட்டுவிட்டுத் தப்பித்திருக்கிறேன். உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன் அக்கா, என்னால் முடியவில்லை. பேரைச் சொன்னால் எதுவும் அடங்காது. நீங்கள் சொன்னதுதான் சரி, நான் எழுதியதுதான் பிழை. கடைசிப் பக்கத்தில் குறளியின் பெயரை விட்டுவைத்தீர்களே, அதையும் அடித்துவிடுங்கள்.