அலுமாரிக் கதவில் இரண்டு ஸ்டிக்கர்கள்

எங்கள் வீட்டுக்கு ரவுட்டர் வந்தால் என் மூத்த சகோதரியான ராத்தா முதலில் செய்வது, அதன் அடியிலுள்ள ஸ்டிக்கரை உரிப்பது. கடவுச்சொல் அதில் இருக்கிறது, வருகிறவர்கள் திருப்பிப் பார்த்துவிடுவார்கள் என்று பயம். உரித்ததை அலுமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவைப்பார்.

குவைத்தில் வேலைசெய்யும் மச்சான், ராத்தாவின் கணவர், முதலில் அனுப்பிய ரவுட்டர் உப்புக்காற்றில் பழுதாகிப் பழைய இரும்புக்காரரிடம் போனது. அடுத்த லீவில் அதே பெயரில், அதே தோற்றத்தில் இன்னொன்று கொண்டுவந்தார். அதன் ஸ்டிக்கரும் கதவில் ஏறியது. பழையதை யாரும் எடுக்கவில்லை.

ராத்தாவின் பேத்திக்கு முடி இறக்கிப் பெயர் வைப்பதற்கு முதல் நாள், ரவுட்டர் சிவப்பு விளக்கோடு நின்றுவிட்டது. ஆலங்குடாவில் எங்கள் வீட்டுக்குள் போன் சிக்னல் எடுக்காது. கூரையோரம் வைத்த ரவுட்டரில்தான் மச்சானின் முகம் வரும். பிள்ளையைப் படத்தில் மட்டும் கண்டிருந்தவர், பெயர் வைப்பதை வீடியோ அழைப்பில் நேரடியாகப் பார்க்கவென்று அன்றைக்கு வேலையில் லீவும் கேட்டு வாங்கியிருந்தார்.

வீதிக்குப் போய்ப் புத்தளத்தில் ரவுட்டர் திருத்தும் கடைக்காரருக்குப் போன் எடுத்தேன்.

"சொஃப்ட்வெயாரத் திருப்பி ஏத்தலாம். பேர் மட்டும் போதாது, அடியில உள்ள மொடல் நம்பர முழுசாக் கொண்டுவாங்க. ஒரே பேர்ல உள்ளுக்கு வேற வேற சாமான் வெச்சிருப்பானுகள்."

கதவில் இரண்டு ஸ்டிக்கரிலும் ஒரே பெயர், ஒரே எண். கடைசியில் மட்டும் ஒன்றில் வி2, மற்றதில் வி3. எது எதனுடையது என்று ராத்தாவுக்கும் நினைவில்லை. வீதியில் நின்று போனில் மச்சானையே கேட்டோம்.

"ரெண்டும் ஒண்டுதான் புள்ள. நான் பார்த்து வாங்கின சாமான்."

"கடசி எழுத்து வேற மச்சான்," என்றேன்.

"காருக்குக் காரு நம்பர் பிளேட்டும் வேறதானே? அதுக்காக ஒண்டு கார், ஒண்டு மாட்டு வண்டிலா?"

ராத்தா விழுந்து விழுந்து சிரித்தார். டேப் ஒட்டித் தெளிவாக இருந்த வி2வை உரித்துக்கொண்டு, ரவுட்டரோடு பஸ் ஏறினேன்.

கடைக்காரர் அதன்படியே ஏற்றினார். எல்லா விளக்கும் அணைந்தது. மூடியைக் கழற்றிப் பார்த்தவர், "இது வி3. இனி எழும்பாது. நான் முதல்லயே திறந்து பார்த்திருக்கணும்," என்றார்.

மறுநாள் பெயர் வைத்து முடிந்த பிறகு, ராத்தாவின் மருமகன் எடுத்த வீடியோவை வீதியில் நின்று அனுப்பினோம். மச்சான் உடனே திருப்பிப் போன் எடுத்தார்.

"மொட்டைத் தலையோட நல்லாத்தான் இருக்கா. பேர் சொல்லக்குள்ளதான் நான் இல்ல." பிறகு, "ஒண்டுதான் எண்டு சொன்னது நான்தானே, புள்ள?" என்றார்.

இல்லை மச்சான், கடையில்தான் பிழை விட்டார்கள் என்று சொல்லியிருக்கலாம். அந்த நேரம் என் வாயில் வந்தது, "ஓம் மச்சான்."