கண்ணில் ஒற்றிய வில்லை

ஒரகடத்தில், கார் ரிவர்ஸில் பின்னால் வரும்போது குறுக்கே ஆளோ சுவரோ இருந்தால் பீப் பீப் என்று கத்த வைக்கும் சென்சார் செய்கிற கம்பெனியில் வேலை பார்த்தேன். சட்டைப் பொத்தான் அளவு பீங்கான் வில்லைதான் அதன் உயிர். மின்சாரம் கொடுத்தால் நம் காதுக்கு எட்டாத சத்தம் போடும். அந்தச் சத்தம் எதிலாவது பட்டுத் திரும்பினால் அதை மறுபடி மின்சாரமாக்கும். வில்லையைச் சின்ன அலுமினியக் கிண்ணத்தில் ஒட்டுவது என் வேலை.

கீழே விழுந்த வில்லை கழிவுக்கான சிவப்பு டப்பாவுக்குப் போக வேண்டும். முழுசாகத் தெரிந்தாலும் உள்ளே மயிரிழை விரிசல் இருக்கலாம். இன்று சோதனையில் தேறிவிட்டு, என்றோ ஒரு வெயிலில் ஊமையாகிவிடும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள்.

ஒருநாள் ஒன்று நழுவி என் காலில் பட்டது. சோறு போடும் பொருள் காலில் படலாமா? கை தானாக எடுத்துக் கண்ணில் ஒற்றியது. ஒற்றிய கையோடு தட்டிலேயே திரும்ப வைத்தும் விட்டது. சாமிக்குப் பயந்த கை சிவப்பு டப்பாவை மறந்துபோனது. உறைத்தபோது பார்த்தால், தட்டு நிறைய எல்லாம் ஒரே முகம்; விழுந்தது எது?

சொன்னால் தட்டு முழுவதும் குப்பைக்குத்தான். தற்காலிக ஆட்களான எங்களில் யாரை நிரந்தரமாக்குவது என்று பட்டியல் போட்டுக்கொண்டிருந்த வாரம் அது.

"இன்னாம்மா, தட்டு முடிஞ்சுதா? டெஸ்ட்டிங்ல காத்துகினு கீறாங்க," என்றார் சூப்பர்வைசர்.

"முடிஞ்சிட்டு சார்," என்று நீட்டினேன்.

நிரந்தரமானேன். பயமும் என்னோடு நிரந்தரமானது. சுங்குவார்சத்திரம் டீக்கடை வாசலில் எந்தக் கார் பின்னால் வந்தாலும் ஓடிப்போய் அதன் பின்னே நிற்பேன். "வண்டிக்குக் காவல் தெய்வமா ஏட்டி நீயி?" என்று அறைத்தோழிகள் சிரிப்பார்கள்.

ஒரு சித்திரை வெயிலில், வல்லக்கோட்டை கோயில் அருகே வெள்ளைக் கார் ஒன்று பின்னால் வந்தது. அதன் பின்னே ஒரு குழந்தை சிதறிய பொரியைப் பொறுக்கிக்கொண்டிருந்தது. கார்க் கண்ணாடிகள் இறங்கியிருந்தும் பீப் சத்தம் கேட்கவில்லை. பாய்ந்து குழந்தையை இழுத்தேன்.

டிரைவர் இறங்கினார். "சென்சார் வெச்ச வண்டிதாம்மா. வெயில் ஏறினா சில நாள் கத்த மாட்டேங்குது."

பம்பரில் இருந்த சென்சாரின் கறுப்பு வட்டத்தையே பார்த்தேன். கழற்றிக் கையில் கொடுத்தாலும் அது அன்று நான் ஒட்டியதா என்று என்னால் சொல்ல முடியாது.

குழந்தையின் தாய் அழுதுகொண்டே ஓடிவந்தாள். "மவராசி, நீ நல்லா இருக்கணும்," என்று என் வலது கையைப் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். உருவிக்கொள்ளப் பார்த்தேன். அவள் விடவில்லை.