மங்கின கண்ணாடியும் மழை மாசமும்

உப்புத்தாளை விரல் நுனியில் சுற்றி, ஒரு காரின் பின் கண்ணாடி ஒயரில் பூத்திருக்கிற பச்சைக் களிம்பைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். கை வலிக்கிறபோது ரெண்டு வரி எழுதுகிறேன். கார் கண்ணாடியில் படிகிற ஆவியை விரட்டும் தொழிலுக்குத் தூத்துக்குடியில் என்ன வேலை என்று கேட்பவர்கள், மழை மாசத்தில் இங்கே வண்டி ஓட்டியிருக்க மாட்டார்கள். வெளியே வைப்பர் ஆடிக்கொண்டிருக்கும். உள்ளே வெள்ளைத் துணி விரித்த மாதிரி மங்கிவிடும். ஒரு கையில் ஸ்டியரிங், ஒரு கையில் துண்டு என்று நீங்களும் அவதிப்பட்டிருப்பீர்கள். அதனால்தான் உங்களிடம் சொல்லுகிறேன்.

நான் ஏழாவதோடு நின்றவள். கார் ஏசி, எலக்ட்ரிக் பட்டறையில் வேலை. என் கை ஒல்லி, டேஷ்போர்டுக்குப் பின்னால் நுழையும் என்று பட்டறைக்கார அண்ணாச்சி சேர்த்துக்கொண்டார். எனக்கும் அது வசதிதான். தலையை உள்ளே விட்டுக்கொண்டால் யாருக்கும் முகம் காட்ட வேண்டாம். என் பிள்ளை பக்கத்தில் பழைய டயருக்குள் உட்கார்ந்து விளையாடும்.

பேர் இருந்த இடம்

பின் கண்ணாடியில் சூடேறுகிற மெல்லிய கோடுகள் இருக்குமே, அதில் நடுக்கோடுகள் வேலை செய்யவில்லை என்று ஒரு பெரியவர் வந்தார். எந்தக் கோடு செத்தது என்று பார்க்கப் பெரிய மிஷின் வேண்டாம். சுவிட்சைப் போட்டுவிட்டு வாயால் ஊதினால் போதும். சூடான கோட்டைச் சுற்றி ஆவி விலகிவிடும், செத்த கோட்டில் அப்படியே நிற்கும்.

ஊதினேன். ஆவிக்கு நடுவில் எழுத்து தெரிந்தது: அந்தோணி. உள்பக்கம் ஒட்டியிருந்த பேர் ஸ்டிக்கரைப் பிளேடால் சுரண்டியிருக்கிறார். கோடுகள் அறுந்துவிட்டன, பசையின் தடம் மட்டும் போகவில்லை. "மகன் பேரா ஐயா? ஏன் சுரண்டுனீய?" என்று அண்ணாச்சிதான் கேட்டார். பெரியவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "கடலுக்குப் போனவன் வரல. பின்னால வண்டிய நிறுத்துதவன்லாம் அந்தோணி எப்ப வாரான்னு கேக்கான். கோட்ட ஒட்டுதது இருக்கட்டும், அந்த எழுத்த மொதல்ல அழிச்சிரு தாயி."

நம்ம ஊருக்கு எதுக்கு ஹீட்டர்

வேம்பாரிலிருந்து மீன் ஏற்றி வருகிற பழைய வேன் ஒன்று. பின்னால் ஐஸ் பெட்டி, முன்னால் நனைந்த சட்டையோடு சுமை இறக்குகிற ஆட்கள். கண்ணாடி மங்காமல் என்ன செய்யும்? மழையில், ரோட்டோரம் நின்ற உப்பு லாரி தெரியாமல் மோதி, ஓட்டிய டிரைவருக்கு ஒரு கால் முட்டியோடு போயிற்று. நொறுங்கிய விளக்கை மாற்ற வண்டியை எங்களிடம் கொண்டுவந்தார்கள்.

முன் கண்ணாடிக்குக் காற்று வருகிற துளையில் கையை வைத்துப் பார்த்தேன். விசிறி ஓடுகிறது, காற்று சுடவில்லை. இன்ஜினின் கொதிதண்ணீர் ஹீட்டருக்குள் போனால்தானே காற்று சுடும், ஆவி காயும்? பானெட்டைத் திறந்தால், ஹீட்டருக்குப் போகிற ரெண்டு ரப்பர் ஓஸ் குழாயையும் கழற்றி ஒன்றோடொன்று சேர்த்திருந்தது. ஹீட்டர் ஒழுகினால் எங்கள் பக்கம் யாரும் மாற்றுவதில்லை. இந்த வெக்கையில் அது எதற்கு என்று இப்படித்தான் ஒதுக்கிவிடுவார்கள்.

புது ஹீட்டர் மாட்டிவிடலாம், வண்டி ஒரு நாள் நிற்கட்டும் என்று அண்ணாச்சி மீன் முதலாளியிடம் சொன்னார். அவர் காதிலிருந்து போனை எடுக்காமலே சொன்னார்: "நானே வெக்கையில அவிஞ்சிக்கிட்டு இருக்கேன், நீரு ஹீட்டர் மாட்டுதேங்கீரு. லைட்ட மட்டும் போட்டு அனுப்பும்வே."

புகையிலை

கால் போனவரின் இடத்துக்குப் புது டிரைவராகச் சேர்ந்தது என் வீட்டுக்காரர். வேறு வேலை அமையவில்லை. அந்த ஓஸைப் பற்றிச் சொன்னேன். சிரித்தார். டிரைவர்மார் வைத்தியம் எல்லாம் அவருக்குத் தெரியுமாம். புகையிலையைக் கசக்கிக் கண்ணாடியில் தேய்த்தால் போதுமாம்.

முதல் மழையிலேயே புகையிலை மஞ்சளாக வழிந்தது. எதிர் லாரியின் வெளிச்சம் பட்டதும் ரோடே காணாமல் போய்விட்டதாம். வீட்டுக்கு வந்தவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. "தெரியலன்னா ஓரமா நிறுத்திருங்க. வேல போனா போட்டும்" என்றேன். அவரிடம் நான் அவ்வளவு அழுத்தமாகப் பேசியதே கிடையாது. அவர் பிள்ளையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நிறுத்துனா ஐஸ் கரையும், ஓட்டுனா நான் கரைஞ்சிருவேன். எது கரையட்டும், நீயே சொல்லு ஏளா."

கணவாய் சிவந்தது

முந்தாநாள் மழையில் அவர் நிறுத்திவிட்டார். கடற்கரை ரோட்டில் ஓரம்கட்டி, மழை விடுகிறவரை வண்டியை எடுக்கவில்லை. ஏற்றியிருந்தது கணவாய் மீன். ஐஸ் கரைந்து, கணவாய் சிவந்துபோய், வாங்குகிற கம்பெனியில் திருப்பிவிட்டார்கள்.

முதலாளி நேரே பட்டறைக்கு வந்தார். அவர் குரல் கேட்டதும், வேலை போயிற்று என்று நான் டேஷ்போர்டுக்கு அடியிலேயே சுருண்டுகொண்டேன். வேலையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. தன்னிடம் வேலை பார்த்தவனின் கால் போனபோது கலங்காத மனுசன், கண் கலங்கி அண்ணாச்சியிடம் கத்தினார்: "இந்த ஹீட்டர் சமாச்சாரத்த மொதல்லயே அழுத்திச் சொல்லியிருக்கக் கூடாதாவே? எம்புட்டுக் கணவா போச்சு!"

இன்றைக்கு லோடு இறக்கியதும் ஹீட்டர் மாட்ட வண்டி வரும். அடுத்த லோடு ஏற்றுகிறவரைதான் எங்களுக்கு நேரம். வேம்பார் பக்கம் வானம் கறுத்துக் கிடக்கிறது. துண்டும் கையுமாக வண்டி ஓட்டுகிற சொந்தங்களே, இந்தத் தொழிலில் நான் படித்தது இவ்வளவுதான்: உங்கள் வண்டிக் கண்ணாடியை யாராவது சரிபண்ணித் தர வேண்டுமென்றால், கெட்டுப்போகிற சரக்கு எதையாவது உங்களோடு ஏற்றிக்கொள்ளுங்கள், ஏனென்றால் உள்ளே மனுசன் மட்டும் உட்கார்ந்திருந்தால்... இந்தா வாரேன் அண்ணாச்சி, வண்டி வந்துட்டா? அவுகள எறங்கச் சொல்லுங்க, நான்