படகை இறக்க ஓர் இடம்

வெள்ளம் எங்கள் தொங்கு பாலத்தைக் கொண்டுபோன பிறகு, கடைவீதிக்குப் போய் வருவதற்கே அரை நாள் போய்விடும் என்றானது. நாங்கள் இருப்பது ஆற்றின் ஒரு கரையில், ரப்பர் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், லயத்தில். பஸ், மருந்துக்கடை, நான் வேலை செய்யும் தையல் கடை எல்லாம் மறுகரையில். இருந்த இடத்திலிருந்தே கடைவீதியின் கூரைகள் தெரியும். ஆனால் போக வேண்டுமானால் ருவான்வெல்லைப் பக்கமாகச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

என் கணவர் கலியாணத்துக்கு முன்னால் நீர்கொழும்பில் மீன் படகில் வேலை செய்தவர். தன் பழைய முதலாளியிடம் சின்ன இயந்திரத்தோடு ஒரு பைபர் படகு சும்மா கிடப்பது அவருக்குத் தெரியும். லயத்து ஆட்கள் சேர்ந்து அதை வாங்கினோம். எங்கள் கரையில் குளிக்கிற இடத்தில் மணல் சரிவு இருக்கிறது, அங்கே நிறுத்தலாம். கடைவீதிப் பக்கம்தான் இடம் தேட வேண்டியிருந்தது. படகு லொறியில் வந்து சேர்ந்த அன்று நானும் கூடப் போனேன். வீட்டில் சிங்களம் நன்றாகப் பேசுகிறவள் நான்தான்.

பொதுமக்கள் படகு இறக்குகிற இடம் எங்கே என்று சந்தியில் நின்ற திரீவீலர்க்காரரிடம் கேட்டேன்.

"ஆ, குணு தொட்டுபொலத?" என்று சிரித்தார். குப்பைத் துறையா என்று கேட்கிறார். சந்தைக்குப் பின்னால் கையைக் காட்டினார்.

துறை இருக்கத்தான் செய்தது. பாலங்கள் வருவதற்கு முன்னால் ஆட்களை அக்கரை சேர்த்த இடமாம். நல்ல அகலமான சிமெந்துச் சரிவு, தண்ணீருக்குள்ளேயே இறங்குகிறது. ஆனால் சிமெந்து தெரியவில்லை. கோழி இறகும் குடலும் மீன்பெட்டித் தண்ணீரும் சேர்ந்து பாயாசம் போலக் குழைந்து கிடந்தன. அதன்மேல் சோறு கட்டிய லஞ்ச் சீட், மெல்லிய சிலிசிலி பை, பிள்ளைகளுக்குக் கட்டிக் கழற்றிய பம்பர்ஸ். உடும்பு மாதிரி ஒரு பெரிய கபரகொய்யா, எங்களைக் கண்டும் நகராமல், ஒரு குடலை வாயில் வைத்து இழுத்துக்கொண்டிருந்தது. என் கணவர் சரிவின் பிடிப்பைப் பார்க்க ஒரு காலை வைத்தார். கணுக்கால்வரை உள்ளே போனது. காலை எடுத்தபோது செருப்பு வரவில்லை. வெள்ளையாகப் புழுதான் வந்தது, விரல் இடுக்கில் நெளிந்தபடி.

நான் அங்கேயே வாந்தி எடுத்தேன். எடுத்த பிறகு பார்த்தால், எடுத்த இடம் எதுவென்று தெரியவில்லை. அவ்வளவு அசிங்கம்.

"வேற எடம் பார்ப்போம்" என்றார் அவர், ஒற்றைச் செருப்போடு.

ஆற்றோரமாகக் கொஞ்ச தூரத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸ் இருக்கிறது. வெளிநாட்டுக்காரர்களைப் படகில் ஏற்றி ஆறு காட்டுகிறார்கள். அதன் பக்கமாக ஆற்றுக்கு இறங்கும் வழி எல்லோருக்கும் பொதுவானது. என் பள்ளிக்கூட நாட்களில் அதில் இறங்கிக் கால் கழுவியிருக்கிறேன். இப்போது அங்கே பச்சைக் கேற் போட்டு, சங்கிலி கட்டியிருந்தார்கள். ஹோர்ன் சத்தம் கேட்டு மனேஜர் வந்தார், இஸ்திரி போட்ட சட்டையும் நல்ல வாசனையுமாக. அவரிடம் சிங்களத்தில் விஷயத்தைச் சொன்னேன்.

"வழி பொதுவானதுதான், நான் இல்லை என்று சொல்லவில்லை" என்றார். "ஆனால் எங்கள் கெஸ்ட்மார் காலையில் ஜன்னலைத் திறந்தால் ஆற்றைத்தான் பார்க்க வேண்டும். தோட்டத்து ஆட்கள் மூட்டை முடிச்சோடு ஏறி இறங்குவதையா பார்ப்பது? படகும் மீன் நாற்றம் அடிக்கிறதே."

அவர் தோளுக்குப் பின்னால் எனக்கு ஆறு தெரிந்தது. புல்தரைக்கு அடியிலிருந்து தடித்த கறுப்புக் குழாய் ஒன்று தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. அதிலிருந்து சாம்பல் நிறத்தில் விட்டுவிட்டு ஏதோ விழுந்தது. விழுந்த இடத்தில் நுரை.

"அது என்ன மாத்தயா?" என்றேன்.

"அதுவா, சும்மா தண்ணீர்."

"அப்போ ஒரு கை அள்ளிக் குடிச்சுக் காட்டுங்க."

அவர் முகம் சுருங்கியது. என்னைப் பார்த்து மூக்கை மூடவில்லை, அதுதான் குறை. கேற்றைச் சாத்திக்கொண்டு உள்ளே போனார். இன்றைக்கும் அந்த வாசனைப் பூச்சு எங்காவது காற்றில் வந்தால் எனக்குக் குமட்டும், கோழிக்குடல் நாற்றத்தைவிட அதிகமாக.

அதற்கு மேலே ஒரே ஓர் இடம் மிச்சம். அங்கே மணல் அள்ளுகிறவர்கள் கரையைத் தோண்டித் தோண்டி, சரிவே இல்லாமல் சுவர் மாதிரி செங்குத்தாக ஆக்கியிருந்தார்கள். லொறிக்காரர் பொறுமை இழந்துவிட்டார். சந்தைத் துறைக்கே திரும்பி வந்து, சரிவின் மேல் ஓரத்தில் படகை இறக்கி வைத்துவிட்டுப் புறப்பட்டுப் போனார்.

அதனால் சுத்தம் செய்வதைத் தவிர வேறு வழி இல்லை. ஞாயிற்றுக்கிழமை லயத்திலிருந்து ஆணும் பெண்ணுமாகச் சுற்றுவழியில் பஸ் பிடித்து வந்தோம். மண்வெட்டி, கூடை, தகர வாளி. வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டோம். மேலே கிடந்ததை அள்ள அள்ள, அடியில் கறுப்பாக, பசை மாதிரி, பழையது வந்தது. அது இன்னும் மோசம். என் பக்கத்தில் நின்ற பெண், எங்கள் லயத்தில் கடைசி வீட்டுக்காரி, "கக்கூஸ் குழி அள்ளுனாக்கூட இப்படி நாறாது அக்கா" என்றாள். மத்தியானத்துக்குள் பாதிச் சரிவு தெரிந்தது. சிமெந்து வெள்ளையாக இருப்பதைப் பார்த்து எனக்கே ஆச்சரியம்.

அப்போதுதான் மேலே கோழிக்கடைக்காரர் வந்தார். நான் பல வருடமாக அவரிடம்தான் கோழி வாங்குகிறேன். கையில் ஒரு நீல வாளி. எங்களைப் பார்த்தார், நின்றார். திரும்பிப் போவார் என்று நினைத்தேன். நாங்கள் கழுவி வைத்திருந்த சிமெந்தில் வாளியைக் கவிழ்த்தார். சூடு ஆறாத குடல். என் காலில் தெறித்தது.

"என்னாங்க இது?" என்றேன்.

"நீங்கதானே தங்கச்சி அள்ளுறீங்க" என்றார், சிரித்த முகத்தோடு. "இதையும் சேத்து அள்ளிருங்க."

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னார். தோட்டத்து ஆட்கள் அள்ளுகிறார்கள், அள்ளப் பிறந்தவர்கள் அள்ளுகிறார்கள் என்பது போல. வெற்று வாளியை அங்கேயே வைத்துவிட்டு, அவர் கை கழுவப் போனார்.

நான் அந்தக் குடலை எல்லாம் கையாலேயே அள்ளி அவருடைய வாளியில் போட்டேன். மண்வெட்டியைத் தொடவில்லை. என் கணவர் "ஏய், எங்க போற?" என்று கேட்டது காதில் விழுந்தது. படியேறிப் போய், கடைக்குள் நுழைந்து, அவர் கோழி வெட்டும் பலகையில் வாளியைக் கவிழ்த்தேன். வாங்க நின்றவர்கள் ஒதுங்கினார்கள்.

"பைத்தியமாடீ உனக்கு?" என்று கத்தினார். 'தங்கச்சி' என்ற அழைப்பு எங்கேயோ போய்விட்டது.

"ஒங்க சாமான்தானே அண்ணே. ஒங்க எடத்துலயே வச்சிக்கிங்க."

பொலிசுக்குச் சொல்வேன் என்றார். சொல்லவில்லை. மரக்கறி விற்கும் சிங்கள அம்மா ஒருத்தி மட்டும் என் கையில் தண்ணீர் ஊற்றிச் சவர்க்காரமும் தந்தாள். அன்று எத்தனை தடவை கழுவியும் நகத்துக்குள் இருந்த நாற்றம் போகவில்லை. இடது கையால் கரண்டி பிடித்துச் சாப்பிட்டேன்.

சாயங்காலம் படகு தண்ணீரில் இறங்கியது. இயந்திரம் உறுமி, கடைவீதியை விட்டு விலகியபோது எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

இதோடு முடித்தால் நன்றாக இருக்கும். ஆனால் சில வாரம் கழித்து, ஒரு காலையில், நடு ஆற்றில், என்னோடு நின்று அள்ளிய அந்தக் கடைசி வீட்டுக்காரி, பிள்ளையின் அழுக்கு பம்பர்ஸைக் கழற்றிச் சுருட்டி, ஆற்றில் வீசினாள். என் கண் முன்னால்.

"என்னாடி பண்ணுற நீ? நீயும் சேந்துதானே அள்ளுன!"

"ஆத்துலதானே போட்டேன், ஒங்க வீட்டுலயா போட்டேன்?" என்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் வெற்றிலையை ஆற்றில் துப்பிவிட்டு, "விடுங்க அக்கா, எதுக்கு விடியக்காலையில சண்டை" என்றார்கள். என் கணவர் சிரித்தார். அவரும் இயந்திரத்தின் பழைய எண்ணெயை ஆற்றில்தான் ஊற்றுகிறார் என்பதை அன்று சாயங்காலம் கண்டுபிடித்தேன். அவரோடு பேச எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது.

கோழிக்கடைக்காரர் இப்போது துறையில் கொட்டுவதில்லை. கொஞ்சம் கீழே தள்ளி, புதர் மறைவில் கொட்டுகிறார். கபரகொய்யாக்களும் அங்கே குடிபோய்விட்டன. பாலம் இன்னும் வரவில்லை. வேலை நாட்களில் நான் படகிலிருந்து இறங்கி, சேலைத் தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டு, கீழே பார்த்துப் பார்த்துக் கால் வைத்துத் தையல் கடைக்கு ஏறிப் போகிறேன். கோழி சாப்பிடுவதில்லை.