வடித்த தண்ணீர்

என் மனைவிக்கு இரண்டு கிட்னியும் சுருங்கிவிட்டது என்று சொன்னபோது அவள் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தாள். நான் பனியன் துணி பின்னும் நிட்டிங்கில். முதலிபாளையத்துக்குப் பக்கத்தில் லைன் வீடு. பிள்ளை இல்லை. நாங்கள் இரண்டு பேர்தான்.

திருப்பூரிலேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். மெசின் ரத்தத்தைச் சுத்தம் பண்ணும். மற்ற நாட்களை வாய்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார் டாக்டர். பொட்டாசியம் என்று ஒரு உப்பு இருக்கிறதாம். காயில், பழத்தில், பருப்பில் எல்லாவற்றிலும் இருக்கும். நல்ல உடம்பு அதை வெளியே தள்ளிவிடும். இவள் உடம்பு தள்ளாது. ஏறிக்கொண்டே போனால் ஒரு நாள் நெஞ்சு நின்றுவிடும். வலி கூட இருக்காது என்றார். அவ்வளவுதான் விசயம். அதை இறக்கிவைத்தால் அவள் இருப்பாள்.

சாப்பாடு சொல்லிக்கொடுக்க அங்கே ஒரு டயட்டீசியன் மேடம் இருந்தார். அவருக்குக் கீழே பயிற்சிக்கு வந்த காலேஜ் பெண்கள், வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு. ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு நோயாளியைப் பிரித்துக் கொடுப்பார்கள். அவர் என்ன சாப்பிடுகிறார், ரத்தத்தில் எது ஏறுகிறது, எது இறங்குகிறது என்று கூடவே பார்க்க வேண்டும். கடைசியில் வாத்தியார்கள் முன்னால் நின்று சொல்ல வேண்டும். கேஸ் என்பார்கள். என் மனைவி ஒரு பெண்ணுக்குக் கேஸ் ஆனாள்.

அந்தப் பெண் திருநெல்வேலிப் பக்கம். ஒல்லி. கோட்டு தோளில் நிற்காது. முதல் நாள் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள்.

“அக்கா, நேத்து காலைல எந்திரிச்சதுல இருந்து என்னென்ன சாப்ட்டிய? ஒண்ணு விடாம சொல்லுங்க.”

“காலைல இட்லிங்க. மத்தியானம் சோறு, காயி, ரசமுங்க. ராத்திரிக்கு அதே மிச்சந்தானுங்க.”

“என்னையப் போயி ங்க போட்டுப் பேசுதியளே. நான் சின்னப் பிள்ளக்கா.”

“இந்த ஊர்ல நாய்க்குட்டியக் கூட வாங்கன்னுதான் கண்ணு கூப்புடுவோம்” என்றாள் இவள்.

அந்தப் பெண் சிரித்தாள். இவளும் சிரித்தாள். ஆஸ்பத்திரிக்குப் போக ஆரம்பித்த பிறகு இவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அந்தப் பெண் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். இளநீர் கூடாது. வாழைப்பழம் கூடாது. கீரை வேண்டாம். காயைப் பொடியாக நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து, தண்ணீரை வடித்துவிட்டுத் தாளிக்க வேண்டும். பருப்பு, பயறு எல்லாவற்றுக்கும் அதே கணக்குதான். இவளைத் திருப்பிச் சொல்லச் சொன்னாள். இவள் சொன்னாள்.

சொன்னபடி செய்தாள். காங்கேயத்தில் இவள் அண்ணனுக்குக் கொஞ்சம் தென்னை உண்டு. உடம்பு சரியில்லாதவளைப் பார்க்கப் போகிறோம் என்று ஒரு சாக்கு இளநீர் கொண்டுவந்தார். இவள் லைன் வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டாள். அவர்கள் குடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு வாய் கேட்கவில்லை. கோயிலில் கொடுத்த பழத்தைக் கூட என் கையில் வைத்துவிடுவாள்.

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பொட்டாசியம் ஏறியிருந்தது. இன்னொரு தடவை எடுத்தார்கள். இன்னும் ஏறியிருந்தது.

மேடம் பயிற்சிப் பெண்களையெல்லாம் கூட்டிக்கொண்டு கட்டிலுக்கு வந்தார்.

“இளநீர் குடிச்சீங்களா?”

“இல்லீங்க மேடம்.”

“உங்க அண்ணன் தோப்பு வெச்சிருக்காராம்ல?”

“இருக்குதுங்க. நானு குடிக்கலீங்க.”

“ரத்தம் பொய் சொல்லாதும்மா.” பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தார். “உன் பேஷண்ட் உன்கிட்டயே மறைக்கிறாங்க. நீ தலையாட்டிட்டு உக்காந்திருக்க.”

அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர்கள் போன பிறகு பக்கத்துக் கட்டில் பெரியவர் தலையைத் தூக்கினார். “நானெல்லாம் திங்கறதத் தின்னுபோட்டு இல்லைங்கறேன், நம்பறாங்க. உனக்கு மூஞ்சி சரியில்ல சாமி” என்றார். இவள் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னாள். “ஏனுங்க, தின்னாத்தான பொய்க்காரி. இனி நானு காயே திங்கமாட்டனுங்க.”

அதற்குப் பிறகு எனக்குக் காயும் பயறும் செய்து போடுவாள். அவள் சோற்றில் ரசம் ஊற்றிப் பிசைந்து கொஞ்சம் சாப்பிடுவாள். ரசம் மட்டும்தான் உள்ளே இறங்குது என்பாள். கால் மரத்துப்போனது. உட்கார்ந்தால் எழுந்திருக்க சுவரைப் பிடித்தாள். நான் கம்பெனிக்குப் போனாலும் நினைப்பெல்லாம் வீட்டில்தான். மெசினில் நூல் அறுந்து விளக்கு எரிவது கூடத் தெரியாமல் நின்றிருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் வீட்டுக்கு வந்தாள். கோட்டு இல்லை. யாரும் அனுப்பவில்லை, நானாகத்தான் வந்தேன் என்றாள். இரண்டு பஸ் மாறி, வழி கேட்டுக் கேட்டு வந்திருந்தாள்.

“நீங்க எப்பவும் போல சமைங்கக்கா. நான் சும்மா இங்க இருக்கேன்.”

“சோதன போட வந்திருக்கீங்களா?”

“ஆமா.”

இவள் அடுப்பைப் பற்றவைத்தாள். பச்சைப்பயறு வெந்தது. தண்ணீரை ஒரு போசியில் வடித்தாள். அவரைக்காய் வெந்தது. அந்தத் தண்ணீரையும் அதே போசியில் வடித்தாள். பூண்டு, சீரகம், கொத்தமல்லி தட்டிப்போட்டு, புளி கரைத்து, தக்காளியைப் பிசைந்துவிட்டு அடுப்பில் ஏற்றினாள்.

அந்தப் பெண் எழுந்து வந்தாள்.

“அக்கா, இது என்ன தண்ணி?”

“வடிச்ச தண்ணிங்க. நீங்கதான வடிக்கச் சொன்னீங்க.”

“கீழ ஊத்தலியா?”

“சத்தெல்லாம் அதுலதான கண்ணு இருக்குது. அத ஆராச்சும் ஊத்துவாங்களா? எங்கூட்டுல எப்பவும் இதுலதான் ரசம் வெப்போம்.”

ரசம் நுரை கட்ட ஆரம்பித்தது. அந்தப் பெண் கை நீட்டி அடுப்பை அணைத்தாள்.

“ஆமாக்கா. சத்து, அந்த உப்பு எல்லாம் அதுலதான் இருக்கு” என்றாள். “அதனாலதான் வேண்டாங்கேன்.”

இவள் அவளையும் போசியையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்தப் பெண் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். “எங்க வீட்ல வெறும் புளித்தண்ணிலதான் வைப்போம். நீங்க ரசம்னு சொல்லும்போதெல்லாம் நான் அதத்தான் நெனச்சேன். வடிச்சத என்ன செய்தியன்னு கேக்கவே இல்ல.”

இந்தப் பக்கம் பயறு வடித்த தண்ணீரைக் கொட்டுகிற வீடு கிடையாது. மேடத்துக்கும் தெரிந்திருக்கலாம். அவரும் கேட்கவில்லை.

“நீங்க ஊத்தீருங்க” என்று இவள் என்னிடம் சொன்னாள். நான் எடுத்துக்கொண்டு போய்ச் சாக்கடையில் ஊற்றினேன். நல்ல வாசம். எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, “ஏனுங்க, கெட்டுப்போச்சுங்களா?” என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த தடவை பொட்டாசியம் இறங்கியிருந்தது. அந்தப் பெண் மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னாள். “வீட்ல எப்படி சமைக்கிறாங்கன்னு மொதல்லயே கேட்டிருக்கணும்” என்று மேடம் அவளைக் கடிந்துகொண்டார். இவள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள்.

“மேடம், நானு மறைக்கலீங்க.”

“சரிம்மா. அடுத்த மாசமும் இப்படியே இருக்கட்டும், பாக்கலாம்.”

அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

கேஸ் சொல்கிற அன்று எங்களை ஒரு அறையில் முன் வரிசையில் உட்கார வைத்தார்கள். அந்தப் பெண் இங்கிலீசில் சொன்னாள். எங்களுக்கு ரசம் என்ற ஒரு வார்த்தைதான் புரிந்தது. அப்போது வாத்தியார்கள் சிரித்தார்கள்.

வெளியே வந்ததும் இவள் கேட்டாள். “எதுக்குக் கண்ணு சிரிச்சாங்க?”

“என்னையப் பாத்துத்தான்க்கா.”

இருக்கலாம். எனக்குத் தெரியவில்லை. அந்த மாதத்தோடு அவள் பயிற்சி முடிந்து ஊருக்குப் போனாள். போகும்போது அந்தப் பெண் இவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பிறகு வேறு பெண்கள் வந்தார்கள். ஒவ்வொருத்தியும் முதலிலிருந்து கேட்டாள். கேட்பதற்கு முன்னாலேயே இவள் சொல்லிவிடுவாள், “வடிச்ச தண்ணியக் கீழ ஊத்தீர்றனுங்க” என்று. பச்சைத் தண்ணீரில் ரசம் வைத்தாள். அதை அவள் ரசம் என்று சொல்லவில்லை. புளித்தண்ணி என்பாள். எனக்குத் தனியாக வைத்துக்கொடுக்கிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். இரண்டு பேருக்கும் புளித்தண்ணிதான். சாப்பாட்டில் அவளுக்கு ஆசை விட்டுப்போனது. சட்டியைக் கழுவிக் கவிழ்ப்பது போல அதுவும் ஒரு வேலை என்று செய்தாள். ஆனால் மாதாமாதம் ரத்தம் சரியாக இருந்தது. ஒரு தடவை கூட ஏறவில்லை.

அடுத்த ஐப்பசி மழையில் இவள் போய்விட்டாள். டயாலிசிஸ் போகிற நாள், காலையில். கிளம்பித் தலை சீவிக்கொண்டிருந்தாள். சீப்பு விழுந்தது. நான் எடுத்துக் கொடுக்கக் குனிந்தேன். அதற்குள் சாய்ந்துவிட்டாள். ஆட்டோவில் கொண்டுபோகும்போதே கை சில்லிட்டிருந்தது.

பார்த்த டாக்டர் சின்ன வயசு. ஊருக்குப் புதுசு போல. நேற்று என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டார். காலையில் இருந்து ஒன்று விடாமல் சொன்னேன். வடித்ததைக் கொட்டியதையும் சொன்னேன். பழைய ரிப்போர்ட்டுகளைப் புரட்டிப் பார்த்தார்.

“சாப்பாட்டுல ஒரு தப்பும் இல்லைங்க. ரொம்ப சரியா இருந்திருக்காங்க. இந்த நோயில நெஞ்சும் பழுதாயிரும். சில பேருக்கு இப்படி ஆயிருது.”

“அத அந்த டயட்டீசியன் மேடத்துகிட்ட ஒரு வார்த்த சொல்லீருங்க” என்றேன்.

எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை. சரி, சொல்கிறேன் என்றார். சொன்னாரா என்று தெரியாது. அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை.